பழகியதா, தேறியதா? ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காபியின் கதை

நாகலூர் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் காபி இருக்கிறது. ஏற்காட்டுக் கணக்கில் அதை எஸ்டேட் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஒரு துண்டு அவ்வளவுதான். அந்தத் துண்டின் நடு ஏக்கரில் 1988இல் வைத்த காவேரி ரகக் காபிக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவன். ஓய்வு பெற்றபின், 2017 ஜூன் முதல் மாதம் ஒருமுறை அடிவாரத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய் அந்தச் செடிகளைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். கையில் ஒரு லென்ஸ், ஒரு பெயின்ட் டப்பா. இதைவிடப் பெரிய கருவி எதுவும் கிடையாது.

ஆய்வு தொடங்கியதே ஒரு வாக்குவாதத்தில்தான். காவேரி வைத்தபோது அதற்கு இலைத்துரு என்கிற பூஞ்சை நோய் வராது என்று சொல்லித்தான் நாற்று கொடுத்தார்கள். சில வருடம் வரவும் இல்லை. பிறகு வந்தது. ஏன் என்று கேட்டால் பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: “துரு காவேரிக்குப் பழகிடுச்சுடா.” கொசு மருந்துக்குப் பழகிடுச்சு, எலி பொறிக்குப் பழகிடுச்சு, அதுபோல இதுவும். நாம் எல்லோரும் பேசுகிற பேச்சுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் எடுத்த முடிவுகளில் பாதி தப்பாகப் போயிற்று. அதனால் ‘பழகுவது’ என்றால் என்ன, அது யாருக்கு நடக்கும், யாருக்கு நடக்காது என்று செடியை வைத்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

துண்டின் அமைப்பு

தோட்டம் சரிவில் இருக்கிறது. மேல் ஏக்கர் தாத்தா வைத்தது: எஸ் 795 என்கிற நெட்டை ரகம், அரபிகா என்ற காபி இனம். நிழலுக்குப் பலா, அத்தி, இரண்டு நாவல், பெயர் தெரியாத சில காட்டு மரங்கள். நடு ஏக்கரில் காவேரி. அது குட்டை ரகம், நெருக்கி நடலாம். அங்கே நிழல் எல்லாம் சில்வர் ஓக், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. கீழ் ஏக்கர் ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சு. ஏற்காடு என்றாலே ஆரஞ்சு என்றிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், இடம் பல வருடம் சும்மா கிடந்து, 2010இல் பெரியப்பா சந்திரகிரி என்ற காபி ரகம் வைத்தார். அதற்கும் கீழே ஓடை.

இந்த மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். தென்னிந்தியாவுக்கே அது வந்த வழி குறுகலானது. பாபா புதன் என்ற சூஃபித் துறவி ஏமனிலிருந்து 7 விதை கொண்டுவந்தார் என்பது வழிவழிக் கதை. ஏழோ எழுபதோ, உலகம் முழுக்கப் பரவிய அரபிகா மிகச் சில செடிகளின் வாரிசுதான். போதாததற்கு அரபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பங்காளிக்குள்ளேயே பெண் எடுத்த குடும்பம் மாதிரி, எல்லோருக்கும் ஒரே மூக்கு. பார்க்க அழகாக இருக்கும். ஒருவருக்கு வருகிற நோய் எல்லோருக்கும் வரும்.

துரு என்பது எது

அக்டோபர் மழை ஓய்ந்த ஒரு காலையில் காபி இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் வெளிர்மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும். அதே இடத்தில் அடிப்பக்கம் காவியும் ஆரஞ்சும் கலந்த மாவு. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், சட்டையில் பட்டால் சுலபத்தில் போகாது. பறிப்புக்கு வருகிற பெண்கள் நெற்றியில் வைத்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாவு முழுவதும் பூஞ்சையின் வித்து. எங்கள் பள்ளிப் பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் இருந்தது. வளைந்த முதுகில் முள் முள்ளாக, அடிப்பக்கம் மொழுமொழுவென்று. பூஞ்சையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்: ஹெமிலியா என்றால் பாதி வழவழப்பு. கூடவே வாஸ்டாட்ரிக்ஸ், பாழாக்குகிறவள் என்று பொருள். 1869இல் இலங்கையில் கண்டுபிடித்தவுடன் வைத்த பெயர். பெயர் பொய்க்கவில்லை. இருபது வருடத்துக்குள் இலங்கைக் காபி போய் அங்கே தேயிலை வந்துவிட்டது. நம் மலைகளுக்கும் துரு அடுத்த ஓரிரு வருடத்திலேயே வந்து சேர்ந்தது.

வித்து முளைக்க இலையில் ஈரம் நிற்க வேண்டும், 22, 23 டிகிரி வாக்கில் மிதமான சூடு வேண்டும். இரண்டு பருவமழையும் கொஞ்சம் கொஞ்சம் பெறுகிற ஏற்காட்டில் இதற்கு ஜூனிலிருந்து நவம்பர் வரை குறையே இல்லை. முளைத்தது இலையின் அடிப்புறத் துளை வழியாக உள்ளே போகும். மூன்று நான்கு வாரத்தில் புது மாவு வரும். ஒரு பொட்டு தன் ஆயுளில் மூன்று நான்கு லட்சம் வித்து உதிர்க்கும். ஒரு இலைக்கு எத்தனை பொட்டு, ஒரு செடிக்கு எத்தனை இலை, ஒரு ஏக்கருக்கு எத்தனை செடி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பெருக்கல் பின்னால் தேவைப்படும்.

காவேரி வந்ததும் சறுக்கியதும்

டிமோர் தீவில் 1927இல் ஒரு காபித் தோட்டத்தில் துருவே பிடிக்காத ஒரு மரம் அகப்பட்டது. அரபிகாவும் ரோபஸ்டா என்ற இன்னொரு காபி இனமும் தானாகவே கலந்து பிறந்த பிள்ளை. இது லேசில் நடக்கக்கூடியது இல்லை. ரோபஸ்டாவுக்கு 22 குரோமோசோம், அரபிகாவுக்கு 44. எப்படியோ நடந்துவிட்டது. அந்த மரத்தின் வாரிசுகளைக் கட்டுரா என்ற குட்டை ரகத்தோடு கலந்து எடுத்ததுதான் காட்டிமோர். அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1985இல் நம் நாட்டில் வெளியிட்ட ரகம் காவேரி. குட்டை, சீக்கிரம் காய்க்கும், துரு வராது. யாருக்குத்தான் பிடிக்காது? பெரியப்பா நடு ஏக்கரில் இருந்த கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டு 1988 ஜூனில் நட்டார்.

முதல் ஏழெட்டு வருடம் மருந்தே அடிக்கவில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். மேல் ஏக்கரில் எஸ் 795 வழக்கம்போல் கொஞ்சம் துருவோடுதான் இருந்தது. அதன் இலை கொட்டும், திரும்பத் துளிர்க்கும், காய்க்கும். நடு ஏக்கர் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று நின்றது. 1996 மழைக்காலத்தில் ஓடைப் பக்கத்து மூலையில் நாலைந்து செடியில் மாவு தெரிந்தது. அடுத்த வருடம் அந்த மூலை முழுக்க. 1998 டிசம்பரில் பழம் பறிக்கப் போனால் பாதி ஏக்கரில் இலையே இல்லை. குச்சியில் காய் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இலை இல்லாத செடியில் காய் முழுதாகப் பழுக்காது, கிளை நுனி காய்ந்துவிடும். அந்த வருடம் களத்தில் காய்ந்ததில் கையில் எடுத்தால் கனமே இல்லாத சக்கைதான் அதிகம்.

இதில் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். துரு ஒரு மூலையில் தொடங்கிப் பரவியது. ஏக்கர் முழுக்க ஒரே நாளில் வரவில்லை. அடுத்தது, பாதி ஏக்கர் மொட்டையான அந்த டிசம்பரிலும் நடுவே சில செடிகள் பச்சையாகவே நின்றன. அதைப் பெரியப்பாவும் பார்த்திருக்கிறார். “அதுங்களுக்கு நல்ல மண்ணு” என்று விட்டுவிட்டார்.

பழகுவது என்றால் இது

பழகுதல் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. மேல் ஏக்கரில் பலா நிழலுக்குள் பாதியும் வெளியில் பாதியுமாக நிற்கிற ஒரு எஸ் 795 செடி உண்டு. 2018இல் அதிலிருந்து இரண்டு இலை பறித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். நிழல் பக்கத்து இலை என் உள்ளங்கையைவிடப் பெரியது, மெல்லியது, கரும்பச்சை, வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவியது. வெயில் பக்கத்து இலை சின்னது, தடித்தது, கொஞ்சம் வெளுத்தது, மடித்தால் படக்கென்று ஒடிந்தது. ஒரே வேர், ஒரே விதை, ஒரே மரபு. அடுத்த வருடம் பலாவின் ஒரு கிளையை வெட்டினார்கள். நிழல் பக்கத்தில் பழைய இலைகள் வெயிலில் கருகிக் கொட்டின. அதே கிளையில் வந்த புதுத் துளிர் சின்னதாக, தடிப்பாக வந்தது. இதுதான் பழகுவது. ஒரு உயிர் தன் ஆயுளுக்குள் இடத்துக்குத் தக்கபடி உடம்பை மாற்றிக்கொள்கிறது. சேலத்து வெயிலில் ஒரு சித்திரை நின்றால் நம் தோல் கறுப்பதைப்போல. அந்தச் செடியின் விதையை நிழலில் போட்டால் மறுபடியும் பெரிய மெல்லிய இலைதான் வரும். பழக்கம் விதைக்குள் போகாது.

தேறுவது வேறு

துருவுக்கு நடந்தது இது இல்லை. ஒரு துரு வித்து காவேரி இலையில் விழுந்து, உள்ளே போக முடியாமல் முட்டி மோதி, மறுநாள் கற்றுக்கொண்டு உள்ளே போவதில்லை. போக முடியாத வித்து செத்துப் போகும். கதை அதோடு முடிந்தது.

செடியின் எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. வாசலில் காவல்காரன் நிற்கிறான். திருடனின் கன்னத்தில் மச்சம் இருக்கும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மச்சம் உள்ள எவன் வந்தாலும் பிடித்துவிடுவான். மச்சம் இல்லாத திருடன் வந்தால்? காவல்காரன் தூங்கவில்லை, சோம்பேறியும் இல்லை. அவனுக்குச் சொன்ன அடையாளம் இவனிடம் இல்லை, அவ்வளவுதான். செடியின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றும் பூஞ்சையின் ஏதோ ஒரு அடையாளத்தைப் பார்த்துப் பிடிக்கிற காவல்காரன். இந்தக் கணக்கை 1940களில் அமெரிக்காவில் ஃப்ளோர் என்பவர் ஆளிவிதைச் செடியின் துருவை வைத்துக் கண்டுபிடித்தார். காபித் துருவுக்கும் பொதுவாக இப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள்.

மச்சம் இல்லாத திருடன் எங்கிருந்து வருகிறான் என்பதற்குத்தான் முன்னால் சொன்ன பெருக்கல். வித்து உண்டாகும்போது எப்போதாவது நகலெடுப்பில் பிழை வரும், சடுதி மாற்றம். ஒரு பேச்சுக்கு, பத்துக் கோடியில் ஒரு வித்து மச்சத்தைத் தொலைத்துப் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டுக்கே மூன்று நான்கு லட்சம் என்றால் பத்துக் கோடி என்பது முந்நூறு பொட்டு. நோய் பிடித்த ஒரு செடியிலேயே அது இருக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பழைய ரகங்களில் வளர்ந்த துருக் கூட்டத்தில் அப்படிப்பட்டவை எப்போதும் ஒன்றிரண்டு பிறந்துகொண்டுதான் இருந்திருக்கும். அங்கே அவற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை, மற்றவை போலத்தான் பிழைத்தன. காற்றில் வந்து காவேரி ஏக்கரில் விழுந்த வித்துகளில் கோடிக்கணக்கானவை சாக, அந்த ஒன்று மட்டும் உள்ளே போனது. உள்ளே போனால் போட்டிக்கு ஆளே இல்லை, ஏக்கர் முழுக்கச் சாப்பாடு, எல்லாச் செடியிலும் ஏறக்குறைய ஒரே காவல்காரன். ஓடை மூலையில் தொடங்கி வருடத்துக்கு வருடம் பரவியது அதனால்தான். பழகியிருந்தால் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்க வேண்டும்.

எந்த வித்தும் மாறவில்லை. கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்பது மாறியது. பெரியப்பாவிடம் சொன்னபோது, “அப்போ பழகல, பாஸ் ஆயிடுச்சுங்கற” என்றார். வாத்தியாருக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தேறுவது.

இது காவேரிக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1911இல் மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற தோட்டக்காரர் துரு தாங்குகிற ஒரு செடியைக் கண்டெடுத்தார். அவர் பெயரிலேயே கென்ட்ஸ் என்று பரவியது. அதுவும் பிறகு துருவிடம் தோற்றது. சிக்மகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில் 1925இல் தொடங்கிய காபி ஆராய்ச்சி நிலையத்தில் மேன் என்பவர் 1930களில் காட்டியது இதைத்தான்: துரு என்பது ஒரே துரு இல்லை, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற பல வகைகளின் கூட்டம், ஒவ்வொரு வகையும் வெவ்வேறு காபியைத் தாக்கும். இன்று அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். ஹோண்டுராஸில் பெருவாரியாக நட்ட லெம்பிரா என்ற காட்டிமோர் வழி ரகமும் 2017 வாக்கில் இதேபோல் சறுக்கியது. தூரத்துச் சொந்தத்துக்கும் அதே கதி.

அப்படியென்றால் துருவுக்கு அடிக்கிற போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து மட்டும் எப்படி இன்னும் வேலை செய்கிறது என்று நியாயமாகக் கேட்கலாம். 1880களில் பிரான்சில் திராட்சைக்காகக் கண்டுபிடித்தது. 1 கிலோ மயில்துத்தத்துக்கு (செம்பு உப்பு) 200 லிட்டர் தண்ணீர், அளவாகச் சுண்ணாம்பு. தாத்தா அடித்தார், இன்றைக்கும் அடிக்கிறோம், துரு அதற்குத் தேறவே இல்லை. செம்பு வித்துக்குள் ஒரு இடத்தைப் பார்த்து அடிப்பதில்லை, பத்து இடத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும். பத்துப் பிழையும் ஒரே வித்தில் ஒன்றாக வந்து பிறப்பது நடக்காத காரியம். அதனால் அது இன்னும் ஓடுகிறது.

நிழலை வெட்டியது

1999இல் பெரியப்பா எடுத்த முடிவுதான் இந்தத் தோட்டத்துக்குத் துருவைவிடப் பெரிய அடி. துருவுக்கு ஈரம் வேண்டும், நிழல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, ஆகவே நிழலைத் திற. யாரோ சொன்னதுதான், கேட்க நியாயமாகவும் இருந்தது. நடு ஏக்கரில் பாதி சில்வர் ஓக்கை வெட்டி விற்றார். துரு கொஞ்சம் குறையவும் செய்தது. மூன்று வருடம் கழித்து போரர் வந்தது.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று புத்தகத்தில் எழுதுவோம், மலையில் எல்லோருக்கும் அது போரர்தான். ஒல்லியான சின்ன வண்டு, இறக்கையில் வெள்ளைக் கோடு. சித்திரை வைகாசியில் ஒரு தடவையும், ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவையும் பறக்கும். பெண் வண்டு வெயில் படுகிற தண்டைத் தேடிப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். நிழலுக்குள் இருக்கிற தண்டு அதற்குப் பிடிக்காது. புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னும். அப்போது தண்டில் விரலை ஓட்டினால் கயிறு சுற்றியதுபோல் மேடு தட்டும். அப்புறம் கட்டைக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் இலை லேசாக மஞ்சளாகும், காய் சிறுக்கும், வேறொன்றும் தெரியாது. மேஸ்திரி ஒரு செடியை எனக்காக முறித்துக் காட்டினார். முட்டிக்குக் கீழே, கரும்பு ஒடிவதுபோல் ஒடிந்தது. உள்ளே சுரங்கம் சுரங்கமாக, ஒவ்வொன்றிலும் மரத்தூள் திணித்து வைத்ததுபோல் இறுகிக் கிடந்தது. ஒரு சுரங்கத்தின் முடிவில் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு புழு, தலைப்பக்கம் அகலம், வால்பக்கம் ஒடுக்கம்.

2002க்கும் 2005க்கும் நடுவில் அந்த ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செடியைப் பிடுங்கி எரித்தார்கள். எரித்ததில் துருவே பிடிக்காத செடிகளும் இருந்தன என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். துருவுக்கு எதிராக நல்ல காவல்காரன் வைத்திருந்த செடிக்கு போரருக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஒரு நெருக்கடியில் தேறியது அடுத்ததில் விழுந்தது. இயற்கைத் தேர்வு என்று பாடத்தில் ஒருமையில் எழுதி வைத்திருக்கிறோம். ஒரே வருடத்தில் நான்கு பேர் நான்கு கேள்வித்தாளோடு வருவார்கள் என்று எழுதுவதில்லை.

நிழலுக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. மேல் ஏக்கரில் துருப் பொட்டுகளைப் பார்த்தால் பலவற்றில் ஆரஞ்சு மாவுக்கு மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கும். அது துருவைத் தின்கிற இன்னொரு பூஞ்சை. காபிச் செடியில் எறும்பு மேய்க்கிற பச்சைச் செதில்பூச்சி மேலும் அது வளரும். மெக்சிகோவின் நிழல் காபித் தோட்டங்களில் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். நடு ஏக்கரில் வெட்டவெளியான இடத்தில் அந்த வெள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். ஒரு தோட்டத்தை வைத்து அடித்துச் சொல்லக்கூடாது. ஆனால் பெரியப்பா நிழலை வெட்டியபோது ஈரத்தோடு சேர்த்து எதை எதை வெட்டினார் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. 2012 வாக்கில் மறுபடி நிழல் மரம் வைத்தார், இந்தத் தடவை சில்வர் ஓக்கோடு பலாவும் அத்தியும் கலந்து.

அறுபது செடி

2017இல் நடு ஏக்கரில் மிஞ்சிய காவேரியில் 60 செடிக்கு வெள்ளைப் பெயின்டால் எண் போட்டேன். மருந்தடிப்பைச் சுற்றிலும் செய்துவிட்டு இந்த அறுபதை மட்டும் விட்டுவிடும்படி பெரியப்பாவிடம் கெஞ்சி வாங்கினேன். மாதம் ஒருமுறை ஒவ்வொரு செடியிலும் நான்கு கிளை, கிளைக்குக் கடைசி ஐந்து ஜோடி இலை. பொட்டு இருக்கிறதா இல்லையா, எத்தனை.

இரண்டு மழைக்காலம் முடிந்தபோது 60இல் 11 செடியில் ஒரு பொட்டுகூட இல்லை. சுமார் இருபது செடியில் பொட்டு வந்தது, ஆனால் மாவு கட்டாமல் மஞ்சளாகவே நின்றுபோனது. மீதி நன்றாகவே பிடித்தது. அந்த 11ம் ஒரே இடத்தில் இல்லை. ஓடை மூலையில் இரண்டு, பாறை ஓரம் ஒன்று, மற்றவை அங்கங்கே. ‘நல்ல மண்’ கணக்கு அதோடு முடிந்தது. 17ஆம் எண் செடிக்கு இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 18. இரண்டும் கார்த்திகையில் மொட்டை. நடுவில் இது இலை உரச நின்றுகொண்டு சுத்தமாக இருந்தது.

காட்டிமோர் வழி ரகங்களில் டிமோர் மரத்திலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்று இரண்டு இல்லை, குறைந்தது ஐந்து. எல்லாச் செடிக்கும் எல்லாமும் ஒரே மாதிரி போய்ச் சேருவதில்லை. சில செடியில் ஒரு காவல்காரன், சிலதில் மூன்று. ரகம் என்று ஒரே பெயர் வைத்து நாம் விற்கிறோம், வாங்குகிறோம். தோட்டத்தில் நிற்பது ஒரு கலவை. என்னைக் கேட்டால் இந்தக் கலவைதான் அந்த ஏக்கர் அடியோடு போகாமல் காப்பாற்றியது. நாற்று கொடுத்தவர்கள் அதைக் குறை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2021இல் ஒரு விபத்து. காட்டெருமைகள் ஓடைப் பக்கமாக ஏறி வந்து ஒரே இரவில் செடிகளை மிதித்து முறித்துவிட்டன. என் எண் போட்ட செடியில் ஐந்து போயிற்று. அதில் இரண்டு சுத்தமான பதினொன்றில் சேர்ந்தவை. இதில் தேர்வும் இல்லை, தேறுதலும் இல்லை. குளம்பு விழுந்த இடம்தான் கணக்கு. கூட்டம் பெரிதாக இருந்தால் இப்படி இரண்டு போனால் ஒன்றும் ஆகாது. பதினொன்றில் இரண்டு போனால் அவற்றில் மட்டும் இருந்த ஏதோ ஒன்று திரும்பி வராமலே போகலாம். இந்தச் சேர்வராயன் மலையில் மட்டுமே இயற்கையாக வளர்கிற வெர்னோனியா செவராயென்சிஸ் என்றொரு சிறு மரம் உண்டு. ஏற்காட்டில் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் அதை வைத்து வளர்க்கிறார்கள். ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் எனக்கு அந்தக் குளம்படிதான் நினைவுக்கு வரும். காபிக்காவது எத்தியோப்பியாவில் காடு இருக்கிறது, தேடிப் போனால் வேறுபாடு கிடைக்கும். இதற்கு இந்த மலையை விட்டால் போக்கிடம் கிடையாது.

இப்போது செய்வது

நடு ஏக்கரின் இடைவெளிகளை நிரப்ப நாற்று வேண்டும். சந்திரகிரியையே மேலே ஏற்றிவிடலாம் என்பது பெரியப்பாவின் எண்ணம். கீழ் ஏக்கரில் அது நன்றாகத்தான் நிற்கிறது, துரு பெரிதாக இல்லை. எனக்கு ஒரு உறுத்தல். 2007இல் வெளிவந்த சந்திரகிரி வில்லா சார்ச்சி ரகத்தையும் அதே டிமோர் மரத்தின் வாரிசையும் கலந்து எடுத்தது. அம்மா வேறு, அப்பா வீடு ஒன்று. மூன்று ஏக்கரில் இரண்டை ஒரே வீட்டுக் காவல்காரர்களிடம் ஒப்படைப்பதா? மேல் ஏக்கரின் எஸ் 795க்கு வேறு வழி. அதன் எதிர்ப்பில் ஒரு பங்கு கென்ட்ஸிலிருந்தும் ஒரு பங்கு லிபெரிகா என்ற வேறு காபி இனத்திலிருந்தும் வந்தது. எழுபது எண்பது வருடமாகத் துருவோடு கொஞ்சம் இழுத்துப் பறித்துக்கொண்டு அது காய்த்துவருகிறது. முழுக்கச் சுத்தம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த மாதிரிச் செடியைத்தான் பிடிக்கிறது.

கடைசியில் மூன்றையும் கலந்து நட ஒத்துக்கொண்டார்: ஒரு பங்கு சந்திரகிரி, ஒரு பங்கு எஸ் 795, ஒரு பங்கு என் சுத்தமான ஒன்பது காவேரியின் பிள்ளைகள். நெட்டையும் குட்டையும் கலந்தால் கவாத்துக்குத் தொல்லை என்று மேஸ்திரி முணுமுணுத்தார், அது உண்மைதான். அதனால் வரிசை வரிசையாக மாற்றி நடுவது என்று முடிவாயிற்று. ஒன்பதின் பழத்தைத் தனித்தனிச் சாக்கில் பறித்து, நிழலில் உலர்த்தி, தாய்ச்செடி எண் எழுதிய பலகையோடு தனித்தனிப் பாத்தியில் போட்டிருக்கிறோம். முதல் பாத்திகள் முளைத்து பட்டாம்பூச்சி இலை, அதாவது முதல் ஜோடி விதையிலை, விட்டாயிற்று.

போன அக்டோபர் சுற்றில் 17ஆம் எண் செடியில், மூன்றாவது கிளை, நுனியிலிருந்து நான்காவது ஜோடியில் ஒரு மஞ்சள் பொட்டு பார்த்தேன். திருப்பிப் பார்த்தால் மாவு இல்லை. லென்ஸில் பார்த்தேன், இரண்டு மூன்று ஆரஞ்சுத் துகள் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பக்கத்துச் செடியிலிருந்து விழுந்த வித்தாகவும் இருக்கலாம். இலையைப் பறிக்காமல் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து மிளகு தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்:

“அப்போ பதினேழாம் நம்பர் பாத்தியை என்ன பண்றது?”

“இருக்கட்டும் பெரியப்பா. தனியா இருக்கட்டும். அடுத்த மாசம் நூலைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

நவம்பரில் போனபோது அந்த இலை கொட்டியிருந்தது. நூல் மட்டும் கிளை இடுக்கில் சிக்கிக் கிடந்தது.